அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே எண்ணா?

எங்கள் அஸ்தினாபுரத்தில் சாயங்காலம் ஆறு மணியானால் எதிர் வீட்டுப் பெரியம்மா கேட் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். குரோம்பேட்டையிலிருந்து வருகிற பஸ்ஸில் பிள்ளை வந்து இறங்குகிற வரையில் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி க்ஷேமம் விசாரிப்பாள். அன்றைக்கு நான் காய்கறிப் பையுடன் வந்துகொண்டிருந்தேன். என்னைக் கண்டதும் இரண்டு கடுதாசுகளைத் தூக்கிக் காட்டினாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பிள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகைதான் அச்சாகி வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

இல்லை. இரண்டும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். ஒன்று பெரியம்மாவுடையது. மற்றது அவள் பிள்ளையுடையது. அவன் ஆபீஸில் வருஷா வருஷம் எல்லோருக்கும் பரிசோதனை செய்கிறார்களாம்.

"பார்த்தாயா கண்ணு! இவனுக்கு வயசு 28. எனக்கு 64. இவனுக்கும் 1.1, எனக்கும் 1.1! சர்க்கரை வந்து பதினேழு வருஷம் ஆச்சு. ஆனாலும் என் கிட்னி இன்னும் வாலிபமாத்தான் இருக்கு" என்றாள்.

பின்னாலேயே வந்து நின்ற பிள்ளையும், "ஆமாம் அக்கா, கிரியாட்டினின் இரண்டு பேருக்கும் ஒண்ணுதான். பக்கத்திலேயே 0.6 முதல் 1.2 வரை நார்மல்னு போட்டிருக்கு, பாருங்க" என்றான்.

போட்டுத்தான் இருந்தது. நானும் சந்தோஷப்பட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். நிஜத்தைச் சொல்கிறேனே, எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து, எனக்குப் பழக்கமான ஒரு டாக்டர் அம்மாளிடம் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த அம்மாள் பருமனா, ஒல்லியா?" என்று கேட்டார்.

"ஒல்லிதான். நாற்பத்தெட்டு கிலோ இருப்பாள்."

"மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா?"

"தினம் ஒன்று. மருந்துக் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்வாள்."

"அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அவரை வரச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் எனக்கு விளக்கிச் சொன்ன விஷயத்தைத்தான் இந்த வாரம் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குமேல் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு சொல்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் இப்படி ஒரு சீட்டு நிச்சயம் இருக்கும்.

கசாப்புக் கடையில் குண்டிக்காய் என்கிறார்களே, அதுதான் சிறுநீரகம். நமக்கும் கைம்முட்டி அளவில் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய சல்லடைகள். ஆரோக்கியமான வாலிப வயதில் இவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பாகத்தைத் திருப்பி ரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே தள்ளுகின்றன. நிமிஷத்துக்கு எவ்வளவு வடிகிறது என்பதுதான் சிறுநீரகத்தின் திறமைக்கு அளவு. இளவயதில் அது 100, 120 மில்லி லிட்டர் இருக்கும்.

ஆனால் இதை நேராக அளப்பது சுலபமில்லை. நரம்பில் ஒரு பொருளைச் செலுத்தி, அது எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று மணிக்கணக்காகப் பார்க்க வேண்டும். இன்னொரு வழி, இருபத்து நாலு மணி நேரச் சிறுநீரையும் ஒரு கேனில் பிடித்துவைப்பது. என் மாமியாருக்கு ஒரு தடவை இதைச் செய்யச் சொன்னார்கள். அவர் கேனைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்ததும், நடுவில் ஒரு தடவை மறந்துபோய்விட்டு அதை யாரிடமும் சொல்லாமல் விட்டதும் எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படுகிறது. அந்த ஒரு தடவை விட்டுப்போனால் கணக்கே தப்பு.

ஆகவேதான் வைத்தியர்கள் கிரியாட்டினினைப் பிடித்துக்கொண்டார்கள். இது நம் தசைகளிலிருந்து தினமும் உண்டாகும் ஒரு கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. ரத்தத்தில் அது அதிகமாகத் தங்கினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதுவரையில் சரி. பெரியம்மாவின் விஷயத்தில் எங்கே இடறுகிறது?

பாத்திரம் துலக்குகிற தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறது. வடிகால் துவாரமும் சுத்தமாக இருக்கிறது. தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் நிற்கிறது. இன்னொரு வீட்டில் குழாய் ஒல்லியாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் ஒரு சாண் தண்ணீர் நிற்கிறது. இரண்டும் ஒரே அளவுதானே என்று சும்மா இருந்துவிடுவீர்களா? சொட்டுகிற குழாய்க்கு அவ்வளவு தண்ணீர் நிற்பானேன்? அடியில் துவாரத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கையை விட்டுப் பார்க்க மாட்டீர்களா?

பிள்ளைக்கு 28 வயது. உடம்பில் தசை இருக்கிறது. கழிவும் அதிகம் உண்டாகிறது. அம்மாவுக்கு 64 வயது, மெலிந்த உடம்பு, உண்டாவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் 1.1 வரை ஏறி நிற்கிறது என்றால் வடிகால்தான் குறைந்துபோயிருக்கிறது.

வயது, ஆணா பெண்ணா, கிரியாட்டினின் எவ்வளவு என்ற மூன்றையும் வைத்து வடிகட்டும் வேகத்தை மதிப்பிடும் கணக்கு ஒன்று இருக்கிறது. பரிசோதனைச் சீட்டில் இதை 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' என்று போடுவார்கள். டாக்டர் அம்மாள் தன் போனிலேயே அதைப் போட்டுக் காட்டினார். பிள்ளைக்கு 94. அம்மாவுக்கு 56! ஒரே 1.1-தான். ஒருவருக்குக் கவலையில்லை, இன்னொருவருக்கு, அது மூன்று மாதத்துக்குமேல் 60-க்குக் கீழேயே இருந்தால், நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர்.

இந்தக் கணக்கு வந்த கதையும் பெண்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 1976-ல் கனடாவில் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இரண்டு டாக்டர்கள் 249 நோயாளிகளை வைத்து ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள். அது படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரி. நோயாளிகள் அநேகமாக எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு என்ன செய்வது? வருகிற விடையில் நூற்றுக்குப் பதினைந்து குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆடித் தள்ளுபடி மாதிரிதான்! ஆனாலும் அந்தச் சூத்திரம் வெகு காலம் உலகத்துக்கே உபயோகப்பட்டது. பிறகு 1999-லும் 2009-லும் அமெரிக்காவில் பெண்களையும் நிறையச் சேர்த்துப் புதிய கணக்குகள் போட்டார்கள். அவற்றில் ஒருவர் கறுப்பரா இல்லையா என்று வேறு ஒரு கேள்வி இருந்தது. அது நியாயமில்லை என்று 2021-ல் எடுத்துவிட்டார்கள். டாக்டர் அம்மாள் எனக்குப் போட்டுக் காட்டியது இந்த 2021 கணக்குதான்.

ஆனால் இதிலும் நம் ஊர்க்காரர்கள் சேர்த்தி இல்லை. நம்மில் பலருக்குத் தசை குறைவு, மாமிசமும் குறைவு. அதனால் கிரியாட்டினினும் குறைவாகவே இருக்கும். கணக்கோ அதைப் பார்த்து, 'ஆகா, என்ன நல்ல சிறுநீரகம்' என்று மார்க்கு அள்ளிப் போட்டுவிடும். கராச்சியில் இதைச் சோதித்துப் பார்த்து, 2014-ல் ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். அந்தத் திருத்தத்தின்படி போட்டால் எங்கள் பெரியம்மாவின் 56 என்பது 49 ஆகிவிடுகிறது. எல்லா டாக்டர்களும் இந்தத் திருத்தத்தைப் போடுவதில்லை. இருந்தாலும் மெலிந்த உடம்புக்காரர்களின் எண்ணைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர் அம்மாள். மிகவும் சந்தேகமாக இருந்தால் 'சிஸ்டாட்டின் சி' என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது தசையை அவ்வளவாகப் பொருட்படுத்தாது, செலவுதான் கூடுதல்.

எண் இந்தப் பக்கம் ஏமாற்றுவது போலவே அந்தப் பக்கமும் ஏமாற்றும். முதல் நாள் ராத்திரி மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறித்தான் காட்டும். வாந்தி, பேதி கண்டு உடம்பில் நீர் வற்றியிருந்தாலும் ஏறும். ஆகவே ஒரு சீட்டைப் பார்த்து மூர்ச்சை போடவும் வேண்டாம். ஒரு சீட்டைப் பார்த்துப் பாயசம் வைக்கவும் வேண்டாம். கூடியவரையில் ஒரே பரிசோதனைச்சாலையில் எடுத்து, பழைய சீட்டுகளை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு, எண் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் கணக்கு எல்லாம் நோட்டில் இருக்கும். இந்த ஒரு கணக்குதான் பிளாஸ்டிக் பையில் மடித்துப் பீரோவுக்கு மேலே கிடக்கும்.

இன்னொரு சங்கதி. சர்க்கரை வியாதி சிறுநீரகத்தைத் தாக்க ஆரம்பிக்கும்போது சிலருக்கு வடிகட்டும் வேகம் குறைவதில்லை, கூடுகிறது! புதிதாக வந்த வேலைக்காரி போல ஓடியாடி அதிகமாகவே வேலை செய்கிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். எண் பிரமாதமாக இருக்கும். அந்தச் சமயத்திலேயே சல்லடையின் கண்கள் பெரிதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கிவிடும். அதனால்தான் ரத்தச் சீட்டு மட்டும் போதாது. சிறுநீரில் ஆல்புமினும் பார்க்க வேண்டும். காலையில் முதலில் போகும் சிறுநீர் கொஞ்சம் கொடுத்தால் போதும்; கேன் தேவையில்லை. ஆல்புமின், கிரியாட்டினின் இரண்டுக்கும் உள்ள விகிதம் 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்குமேல் போனால் கசிவு பலமாக இருக்கிறது. ஜுரம் இருக்கும்போதும், நீர்க்கடுப்பு இருக்கும்போதும், மாதவிலக்கு நாட்களிலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். ஒரு தடவை கூடுதலாக வந்தால் மறுபடியும் ஓரிரு தடவை பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

நடு வயதில் வருகிற சர்க்கரை வியாதிக்கு, கண்டுபிடித்த அன்றே இந்த இரண்டு சோதனையும் செய்துவிட்டு, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டும். ஏனென்றால் நாம் கண்டுபிடிப்பதற்குப் பல வருஷம் முன்பே அது வந்து உட்கார்ந்திருக்கலாம். குழந்தைகளுக்கு வந்து இன்சுலினிலேயே வளர்கிற வகையானால், ஐந்து வருஷம் கழித்து ஆரம்பித்தால் போதும்.

இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி வைத்தியம், நமக்கு எட்டுமா என்று நினைக்க வேண்டாம். சிறுநீரக வைத்திய நிபுணர் டாக்டர் எம்.கே. மணி 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' என்ற அமைப்பின் மூலம் சென்னைக்கு அருகே சுமார் 25,000 ஜனங்கள் உள்ள கிராமங்களில் ஒரு காரியம் செய்தார். அந்தந்த ஊரில் கொஞ்சம் படித்த பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். அவர்கள் கையில் ஒரு சோதனைக் குழாய், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, இரண்டு மூன்று திராவகம். சிறுநீரில் சில சொட்டு அமிலம் விட்டால், புரதம் இருக்கிறபோது அது வடிகஞ்சி போலக் கலங்கும். இன்னொரு திராவகத்தை விட்டுக் காய்ச்சினால் சர்க்கரை இருப்பது நிறத்தில் தெரியும். சந்தேகப்பட்டவர்களை டாக்டர் பார்த்து, விலை மலிவான பழைய மாத்திரைகளைக் கொண்டே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கினார். ஆளுக்கு வருஷத்துக்குச் சில ரூபாய்களில் முடிந்த இந்த வேலையை உலகத்துச் சிறுநீரக வைத்தியர்களின் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. ஓர் ஊரில் வீட்டுப் பெண்கள் கதவைத் தட்டிச் செய்த காரியம் அது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2023-ல் தமிழ்நாட்டு அரசும் ஆரம்ப சுகாதார நிலையங்களில், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்குச் சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது.

கண்டுபிடித்து என்ன ஆகப் போகிறது, கடைசியில் டயாலிஸிஸ்தானே என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். 1993-லேயே, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் காப்டோப்ரில் என்ற மாத்திரை சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தையும் காக்கிறது என்று தெரிந்துவிட்டது. 2001-ல் லோசார்ட்டானுக்கும் அப்படியே. 2019-லும் 2020-லும், 'ஃப்ளோஸின்' என்று முடிகிற சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரகம் கெடும் வேகத்தை நன்றாகத் தணிக்கின்றன என்று பெரிய ஆராய்ச்சிகள் காட்டின. அந்த ரகத்தில் டாபாக்ளிஃப்ளோஸினுக்கு 2020-லும் எம்பாக்ளிஃப்ளோஸினுக்கு 2025-லும் காப்புரிமை முடிந்தது. நம் நாட்டுக் கம்பெனிகள் பலவும் செய்ய ஆரம்பித்து விலை இறங்கியது. ஆனால் இவை எல்லாம் மிச்சம் இருக்கிற சல்லடைகளைத்தான் காக்கும். போனதைத் திருப்பித் தராது. ஆகவே 56-ல் தெரிந்துகொள்வதும் 12-ல் தெரிந்துகொள்வதும் ஒன்றாகுமா?

எண் தெரிந்திருப்பதில் இன்னொரு லாபம், மாத்திரை அளவு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால் அதன் அளவைக் குறைக்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். இன்சுலினும் சில பழைய மாத்திரைகளும் உடம்பில் அதிக நேரம் தங்கிவிடும். 'இப்போதெல்லாம் அம்மாவுக்குச் சர்க்கரை தானாகவே குறைந்துவிட்டது, மாத்திரை பாதி போதும்' என்று சந்தோஷப்படுகிற வீடுகள் உண்டு. பல சமயம் அது வியாதி குணமானதில்லை. சிறுநீரகம் தளர்ந்துபோய் மருந்து வெளியேறாமல் நிற்கிறது. விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி மயங்கி விழும்போதுதான் விஷயம் புரியும்.

சரி, பெரியம்மாவிடம் வருகிறேன். அவளை டாக்டரிடம் அழைத்துப் போவது லேசாக இருக்கவில்லை.

"எனக்கு என்ன குறைச்சல்? காலில் வீக்கம் உண்டா? ஒண்ணுக்குப் போவதில் தடை உண்டா?" என்றாள்.

இதுதான் இந்த வியாதியின் சூழ்ச்சி. பாதிக்குமேல் சல்லடை போன பிறகும் அது வலிக்காது, வீங்காது. கடைசியில் நான், "உங்களுக்காக இல்லை பெரியம்மா. எனக்குச் சந்தேகம் தீர வேண்டும், துணைக்கு வாருங்கள்" என்று பொய் சொல்லித்தான் அழைத்துக்கொண்டு போனேன்.

சிறுநீர் விகிதம் 140 வந்தது. மறுபடியும் எடுத்தபோதும் அதே அளவில்தான் இருந்தது. டாக்டர் அம்மாள் முதல் காரியமாக மூட்டு வலி மாத்திரையை நிறுத்தினார். சிறுநீரகத்துக்கு வேண்டிய ரத்த ஓட்டத்தை அது குறைத்துவிடுமாம். வலிக்குப் பாரசிட்டமாலும் ஒத்தடமும் போதும் என்றார். லோசார்ட்டான் எழுதிக் கொடுத்தார். நாட்டு மருந்து என்று பெயர் தெரியாத பஸ்பம், பொடி எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். பெரியம்மா என்னை ஓரக் கண்ணால் பார்த்தாள். ரயிலில் வாங்கிய ஒரு டப்பா அவள் அலமாரியில் இருப்பது எனக்கும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அன்று ராத்திரி பிள்ளை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, 1.2 ஆகிவிட்டது. ஈ.ஜி.எஃப்.ஆர். 51-ன்னு வருது. அந்த மாத்திரையாலதான் கெட்டுப்போச்சு. நிறுத்திடட்டுமா?"

நான் டாக்டர் அம்மாளுக்குப் போன் செய்து அவனிடமே கொடுத்தேன். அந்த மாத்திரையை ஆரம்பித்ததும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான், நூற்றுக்கு முப்பது வரை ஏறினாலும் பொறுத்திருக்கலாம், பொட்டாசியம் சரியாக இருக்கிறது, நிறுத்தவே கூடாது என்று அவர் சொன்னாராம். பாவம், எத்தனை வீடுகளில் இந்த இரண்டாவது வாரத்தில் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களோ!

மூன்று மாதம் கழித்துச் சிறுநீர் விகிதம் 140-லிருந்து 70-க்கு இறங்கியிருந்தது. கிரியாட்டினின் 1.2-லேயே நின்றது.

இப்போது பெரியம்மாவின் பால் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு நாலு கட்டம் இருக்கிறது. தேதி, கிரியாட்டினின், ஈ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீர் விகிதம். அவர்கள் போகிற பரிசோதனைச்சாலை மூன்றாவது எண்ணைப் போடுவதில்லை. பிள்ளைதான் போனில் கணக்குப் போட்டு எழுதுகிறான். பழைய சீட்டுகளையும் பீரோவுக்கு மேலிருந்து எடுத்து, மூன்று வருஷத்துக் கணக்கைப் பின்னோக்கி எழுதிவிட்டான். 0.9, 1.0, 1.1 என்று ஒவ்வொரு வருஷமும் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் 'நார்மல்' என்றே அச்சடித்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா அந்த ரயில் டப்பாவை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "குப்பையிலே போட மனசு வரலை கண்ணு. நூற்றைம்பது ரூபாய். நீயே எங்கேயாவது போட்டுடு" என்றாள்.